தணிகாசலம் விழுந்த ஆறு வருஷம்

தணிகாசலம் பாறையிலிருந்து விழத் தொடங்கி ஆறு நாள் ஆன பிறகுதான், அவன் இன்னும் தரைக்கு வந்து சேரவில்லை என்பதைத் தாழங்கல்பட்டு ஊராட்சி எழுத்தில் ஒப்புக்கொண்டது. அதுவரைக்கும் ஆளாளுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள், கழுத்து வலித்ததும் வீட்டுக்குப் போனார்கள், மறுநாள் மாட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது மறுபடியும் பார்த்தார்கள். அவன் அங்கேயே, இரண்டாள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, வலது கை பாறையில் அடித்த போல்ட்டை நோக்கி நீண்டபடி, இடது கால் எதையோ தேடியபடி, வாய் பாதி திறந்தபடி அந்தரத்தில் இருந்தான். தலைவர் கன்னியப்பன் தீர்மானப் புத்தகத்தில் "மேற்படி நபர் விழுந்துகொண்டிருக்கிறார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இதற்கு எந்தத் துறைக்குக் கடிதம் போடுவது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்தார்.

நான் கோவிந்தம்மா. அந்தப் பாறைக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருப்பவள். இதை நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும்.

எங்கள் ஊர் கல் உடைத்துப் பிழைத்த ஊர். குவாரியை மூடிய பிறகு துளை போடுகிற மெஷினை எண்ணெய் போட்டுத் துடைத்து மூலையில் வைத்துவிட்டு, என்ன செய்வது என்று உட்கார்ந்திருந்தபோது, பெங்களூரிலிருந்து முதுகில் கயிற்றுச் சுருளோடு பையன்களும் பெண்களும் வந்தார்கள். பாறையில் துளை போட்டு போல்ட் அடித்து, அதில் கயிறு மாட்டிக்கொண்டு சும்மா ஏறி சும்மா இறங்குவதுதான் அவர்களுடைய விளையாட்டு. துளை போடத் தெரிந்த ஆள் வேண்டுமென்றார்கள். எங்கள் ஊரில் தணிகாசலத்தைப்போல நேராகத் துளை போட ஆள் கிடையாது. ஒரு வருஷத்தில் அவனே அவர்களைவிட நன்றாக ஏறினான், அவன் பொண்டாட்டி பூங்காவனம் கீழே நின்று கயிறு பிடிக்கக் கற்றுக்கொண்டாள், நான் சட்னியில் காரத்தைக் குறைக்கக் கற்றுக்கொண்டேன்.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் அவனால் விட முடியவில்லை. குவாரியில் மருந்துக்குழியைத் தாழ்வாகப் போட்டால் வெடிக்கும்போது கல் நம் மேலேயே பாயும், அதனால் எங்கள் ஆட்கள் எப்போதும் ஏணி போட்டு உயரத்தில்தான் முதல் துளை போடுவார்கள். தணிகாசலமும் கைப்பழக்கத்தில் முதல் போல்ட்டை மூன்று ஆள் உயரத்தில் அடித்துவிட்டான். இந்த விளையாட்டில் முதல் போல்ட்டில் கயிறு மாட்டும்வரைக்கும் இடுப்பில் கட்டியிருக்கிற கயிறு வெறும் அரைஞாண் கயிறுதான், அது யாரையும் தாங்காது. அதற்காகவே பெங்களூர்க்காரர்கள் ஒரு நீள அலுமினியக் கம்பு கொடுத்திருந்தார்கள். அதன் நுனியில் கொக்கி, கொக்கிக்குள் கயிறு, கொக்கியின் வாய் மூடாமலிருக்க நடுவில் ஒரு வேப்பங்குச்சி. தரையில் நின்றபடியே கம்பை உயர்த்திக் கொக்கியைப் போல்ட்டில் அழுத்தினால் குச்சி தெறிக்கும், கொக்கி வாயை மூடிக்கொள்ளும், கயிறு மேலே மாட்டியிருக்கும். பிறகு ஏறினால், விழுந்தாலும் தரை வராது. அவர்கள் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னார்கள். எங்களுக்கு அது தொரட்டி.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் அந்தக் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு என் கடை வழியாகப் போனான். கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. "என்னா தணிகா, தொரட்டியத் தூக்கிக்கினு கெளம்பிட்ட, முருங்கக்கா பறிக்கவா?" என்று கேட்டேன். பத்துப் பேரும் சிரித்தார்கள், டீக்கடை அய்யாக்கண்ணு இட்லி புரையேறச் சிரித்தார். தணிகாசலமும் சிரித்தான், ஆனால் காது மடல் சிவந்துபோனது. கம்பை என் கடைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"மாமா, அத எடுத்துக்கினு வா. வெளாட்டுப் பேச்சுக்கு வெச்சுட்டு வருவியா?" என்றாள் பூங்காவனம்.

"கெடக்கட்டும். நான் அடிச்ச போல்ட்டு, எனக்குத் தெரியாதா" என்றான்.

கால் நாழிகை கழித்துப் போல்ட்டுக்கு ஒரு சாண் கீழே கையை நீட்டியபோது பனி ஈரத்தில் அவன் கால் வழுக்கியது. நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம். சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தோம்.

அவனுக்கு நேர் கீழே ஏர்க்கொழு போலக் கூராக ஒரு கல் நீட்டிக்கொண்டிருந்தது. அவன் அதை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாக. அவனைச் சுற்றியும் அவனுக்குக் கீழேயும் ஒரு கிணறு அகலத்துக்கு இருந்த காற்று அவனுடையதாகிவிட்டது, அதற்குள் போன எதுவும் அவன் வேகத்துக்கு வந்துவிட்டது. நாலு வண்டி வைக்கோல் கொண்டுவந்து கல்லின்மேல் கொட்டினோம், ஒரு துரும்புகூடத் தரைக்கு வரவில்லை, கொட்டிய இடத்திலேயே காற்றில் நின்றது. மெத்தையைத் தள்ளினோம், விளிம்பு உள்ளே நுழைந்ததும் சுவரில் முட்டியதுபோல நின்றுவிட்டது. பாறைக்குப் போகிற வழியில் ஒரு காக்கை அவன் தோளருகே நுழைந்து, இறக்கை விரித்தபடி மூன்று வருஷம் அங்கேயே இருந்தது. கை விட்டுப் பார்க்கிறேன் என்று அய்யாக்கண்ணு முழங்கைவரை விட்டார், அதை வெளியே எடுக்க நாலு நாளானது. நாலு நாளும் அவர் பொண்டாட்டி பக்கத்தில் நின்று சோறு ஊட்டித் திட்டினாள்.

உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிற எஸ்தர் டீச்சர் நூலில் ஈயக் குண்டு கட்டி, தள்ளி நின்று, மாதா மாதம் அவன் குதிகாலை அளந்தார். முதல் வருஷ முடிவில் ஆறு விரற்கடை இறங்கியிருந்தான். ஆறு விரல்தானே என்று ஊர் மூச்சு விட்டது, இந்தக் கணக்கில் அவன் வந்து சேர்வதற்குள் நாமே செத்துப் போவோம் என்று சிலர் நிம்மதியாகச் சொன்னார்கள். டீச்சர் தலையை ஆட்டினார்.

"விழற பொருள் ஒரே வேகத்துல விழாது. அடுத்த வருஷம் இதுபோல மூணு மடங்கு. அதுக்கடுத்த வருஷம் அஞ்சு மடங்கு. அப்புறம் ஏழு, ஒம்போது. ஆறாவது வருஷம் பதினோரு மடங்கு. அந்த வருஷம் தை மாசம் அவர் கல்லுமேல இருப்பாரு."

அதற்குப் பிறகு எங்கள் ஊருக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வேன். அவன் முகம் ஊரைப் பார்த்து இருந்தது. முதல் மாதங்களில் அந்த முகத்தில் ஆச்சரியம்தான் இருந்தது, பிறகு மெதுவாக, ஆறின பாலில் ஏடு படிவதுபோல, பயம் படிந்தது, கண் அகலமாகிக்கொண்டே வந்தது, போகிற வருகிற ஒவ்வொருவரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. அவன் வாயிலிருந்து கிளம்பிய கத்தல் அடிவயிற்றில் அதிர்கிற உறுமலாக நாள் முழுக்கக் கேட்டது, நாய்கள் அந்தத் தெருவை விட்டுப் போய்விட்டன. எங்கள் ஊரில் மாடி கட்டுவதை நிறுத்தினார்கள். தென்னை ஏறுகிறவர்கள் ஏறவில்லை, தேங்காய் தானாக வந்தால் எடுத்துக்கொண்டோம். தூளியைத் தரையைத் தொடும்படி கட்டினார்கள். விழுவது என்ற சொல்லையே யாரும் வாயில் எடுப்பதில்லை, மழை விழவில்லை, வந்தது, தேர்தலில் கன்னியப்பனுக்கு ஓட்டு விழவில்லை, கிடைத்தது. திருவிழாவில் சாமி ஊர்வலம் பாறைத் தெருவுக்கு வந்ததும் மேளத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கடந்து போனார்கள், அதிர்ச்சியில் அவன் வேகம் கூடிவிடுமோ என்று. வெளியூர்க்காரர்கள் வேண்டுதலுக்குக் கிளம்பி வந்தார்கள், எலுமிச்சம்பழத்தை எறிந்தார்கள், அந்தப் பழமும் அங்கேயே நின்றது. அவர்களைத் துரத்தியது நான்தான்.

பூங்காவனம் அந்த ஒரு வருஷமும் தினம் வந்து நின்றாள். அவள் கையிலிருந்த கயிறு அவன் இடுப்பிலிருந்து கீழே தொங்கி, அவன் காற்றைத் தாண்டி வெளியே வந்து, வேப்பமரத்தில் கட்டிக் கிடந்தது. டீச்சர் கணக்கைச் சொன்ன மறுநாள் அவள் என் கடைக்கு வந்து, சுவரில் சாய்த்தது சாய்த்தபடி இருந்த அலுமினியக் கம்பை எடுத்தாள்.

"கயிற இன்னும் போல்ட்டுல மாட்டலாம் டீச்சர். அவரு வந்து சேர்றதுக்குள்ள மாட்டுனா தொங்குவாரு, சாவ மாட்டாரு. நான் உள்ள போயி மாட்டறேன்."

டீச்சர் காகிதத்தில் போட்டுப் பார்த்தார். "உனக்கு ஒரு நொடிகூட ஆகாது பூங்கா. கம்பத் தூக்கிக் குத்துற நேரம்தான். ஆனா வெளியில அஞ்சு வருஷம் ஆயிடும். இப்பவே போனாத்தான் நேரம் சரியா இருக்கும். குத்து தவறுனா ரெண்டாவது தடவ கெடையாது."

கூட்டத்தில் இருந்த ஆண்களை எல்லாம் பார்த்தேன். ஒருவன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தான், ஒருவனுக்கு நெல் கதிர் வாங்கியிருந்தது, கன்னியப்பனுக்கு ஊரே அவர் தோளில் இருந்தது. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எனக்கு மூட்டு வலி" என்றேன். அந்த மூன்று சொல்லை நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

பூங்காவனம் என்னைத் திட்டவில்லை. தன் மகள் நிவேதாவை, ஐந்து வயசுப் பிள்ளையை, இடுப்பிலிருந்து இறக்கி என் பக்கம் நகர்த்தினாள். "அக்கா, உன் வாயால வந்தது. நீயே பாத்துக்க" என்றாள்.

வேப்பமரத்துப் பக்கம் கிடந்த கயிற்றைக் கொக்கிக்குள் விட்டு, கம்பை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, வேப்பங்குச்சி சரியாக நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்து, ஓடிப்போய் அவனுடைய காற்றுக்குள் நுழைந்தாள். ஓட்டம் நின்றது. பின்கால் தரையை விட்டு ஒரு விரல் எழும்பியபடி, சடை பின்னால் பறந்தபடி நின்றாள். எங்கள் ஊரில் இப்போது இரண்டு பேர் இருந்தார்கள், இல்லாமலும் இருந்தார்கள்.

முதல் பொங்கலுக்கு அவள் பின்கால் முன்னால் வந்தது. அடுத்த பொங்கலுக்குக் கம்பு உயரத் தொடங்கியது. அதற்குள் ஊர் அவளையும் வழக்கமாக்கிக்கொண்டது. ரேஷன் கார்டில் பெயரை எடுக்கலாமா என்று ஒரு அதிகாரி கேட்டார், ஆள் உயிரோடு இருக்கும்போது எப்படி எடுப்பீர்கள் என்று கன்னியப்பன் அவரை இழுத்துக்கொண்டு வந்து காட்டினார், அவர் பார்த்துவிட்டு டீகூடக் குடிக்காமல் போனார். கயிற்றின் வெளிப்பக்கம் தொய்ந்தால் முறைவைத்து இரண்டு பேர் வந்து இழுத்து வேப்பமரத்தில் புது முடிச்சுப் போட்டார்கள், கல்லுக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் அவன் நிற்கும்படி டீச்சர் அளவு சொன்னார். மழைக்காலத்தில் துளிகள் அவர்கள் இருவரையும் சுற்றி மணி கோத்ததுபோல நின்றன, சித்திரை வெயிலிலும் அங்கே ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது. நிவேதாவுக்குப் பல் விழுந்தது, விழுந்தது என்று சொல்லக் கூடாது, பல் போனது, முளைத்தது. தலை வாரிவிடும்போது "பெரிம்மா, இன்னைக்கி எவ்ளோ ஏறிச்சு?" என்று கேட்பாள். நான் விரலைக் காட்டுவேன். சில நாள் பொய் சொல்லி இரண்டு விரல் காட்டுவேன்.

பூங்காவனம் உள்ளே போன ஐந்தாவது வருஷம், வைகாசியில், எஸ்தர் டீச்சர் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். தட்டை வைத்தேன், தொடவில்லை.

"கம்பு எடது பக்கம் போகுது, அக்கா. மூணு மாசமா அளக்கறேன், யாருக்கும் சொல்லல. கொக்கி போல்ட்டு மேல படாது. நாலு விரல் தள்ளிப் பாறையில குத்தும்."

நான் வெளியே வந்து பார்த்தேன். வெறுங்கண்ணாலேயே தெரிந்தது. பூங்காவனம் ஓடி வந்த வேகத்தில் கம்பு சாய்ந்திருந்தது, அது அவளுக்கு இன்னும் தெரியாது, தெரிகிற நேரம் அவளுக்குக் கிடையாது. இன்னும் எட்டு மாதத்தில் தவறப்போகிற ஒரு குத்து எங்கள் கண்ணெதிரே ஒவ்வொரு நாளும் ஒரு நூல் தவறிக்கொண்டிருந்தது. ஒரு ஊர் முழுக்க அதைப் பார்த்தோம். சாயங்காலம் சீக்கிரம் கதவைச் சாத்தினோம். நிவேதா ஒன்பது வயசுப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் அளவுகோல் பிடிக்கக் கற்றவள், ஒரு நாள் கேட்டாள்.

"பெரிம்மா, அது படாதில்ல?"

பயந்தவள்தான் நான். கிணற்றை எட்டிப் பார்க்கவே பயப்படுகிறவள், மூட்டு வலி என்று பொய் சொன்னவள். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டதற்குப் பிறகு வெளியே இருக்கிற பயமும் உள்ளே போகிற பயமும் ஒன்றாகிவிட்டது. கொல்லையில் முருங்கை மரத்தில் சாய்த்திருந்த என் சொந்தத் தொரட்டியை எடுத்தேன், நல்ல கல்மூங்கில், இரும்புக் கொக்கி. நாற்பது வருஷமாகக் கிளை நுனியில் இருக்கிற காயை மற்றக் காய் கலங்காமல் பறித்த கை. நாலு விரல் நகர்த்தத் தெரியாதா எனக்கு.

"டீச்சர், புள்ளய வெச்சுக்கங்க. சோத்துல தயிரு ஊத்தாதீங்க, சாப்புடாது."

"அக்கா, எட்டு மாசம் ஆயிடும் நீங்க வர்றதுக்கு."

"வருவேன்னு வெச்சுக்கங்க."

நிவேதாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போயிருக்க மாட்டேன்.

உள்ளே போனதும் முதலில் வந்தது சத்தம்தான். ஐந்தரை வருஷமாக உறுமிய உறுமல் ஒரு மனிதனின் கத்தலாக என் காதில் வெடித்தது, சாகப்போகிறவனின் கத்தல், இத்தனை நாளாக நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டு இட்லி தின்றோம். வைக்கோல் சட்டென்று முகத்தில் அடித்தது, மழைத்துளி அடித்தது. மேலே பெரிதாக, பயங்கரமான வேகத்தில், அவன் வந்துகொண்டிருந்தான். எதிரே பூங்காவனம் பல்லைக் கடித்துக்கொண்டு கம்பைத் தூக்கிக்கொண்டிருந்தாள், அவள் கண் போல்ட்டின்மேல் இருந்தது, நுனி சாய்ந்ததை அப்போதுதான் கண்டுகொண்ட கண். என் கொக்கியை அவள் கம்பில் போட்டு, கிளை வளைப்பதுபோல, வலப்பக்கம் ஒரு சுண்டு சுண்டினேன்.

டிக் என்றது. வேப்பங்குச்சி என் மூக்கருகே தெறித்துப் போனது.

அதே கணத்தில் கயிறு விண்ணென்று இழுபட்டது, வெளியே வேப்பமரம் வேரோடு முனகியது, தணிகாசலம் கல்லுக்கு ஒரு முழம் மேலே தலைகீழாகத் துள்ளி நின்று, ஆடினான். பிறகு அந்தக் காற்று விட்டுவிட்டது. வைக்கோலெல்லாம் பொத்தென்று இறங்கியது. ஊர் முழுக்கச் சுற்றி நின்றிருந்தது, நான் உள்ளே போனபோது இல்லாத ஸ்வெட்டர்களோடு, இல்லாத நரையோடு. யாரும் கைதட்டவில்லை. கன்னியப்பன் தரையில் உட்கார்ந்து அழுதார். அய்யாக்கண்ணு ஓடிவந்து தணிகாசலத்தின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை.

"அண்ணே, ஒன்னும் இல்லண்ணே, காலு சறுக்கிடுச்சு, அவ்ளோதான்" என்றான் தணிகாசலம். அவனுக்கு எதுவும் தெரியாது.

பூங்காவனம் கம்பைக் கீழே போட்டாள். அவனைப் பார்த்தாள், உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும், மூச்சு வாங்க, உடனே திரும்பினாள். ஐந்து வருஷம் ஆகுமென்று தெரிந்துதான் போனாள், கணக்கெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டுத்தான் போனாள். ஆனால் அவள் இடுப்பில் அந்தப் பிள்ளையின் சூடு இன்னும் ஆறியிருக்காது. கூட்டத்துக்குள் புகுந்து, ஆட்களின் இடுப்பு உயரத்தில், வேட்டிக்கும் புடவைக்கும் நடுவே, ஒவ்வொரு இடமாகத் தேடினாள். முன்வரிசையில் எஸ்தர் டீச்சர் கையைப் பிடித்தபடி, இரட்டை ஜடையும் பள்ளிக்கூடச் சீருடையுமாக, அவள் தோள் உயரத்துக்கு ஒரு பெண் நின்றிருந்தது. பூங்காவனம் அவசரமாக அதன் தோளைத் தொட்டாள்.

"பாப்பா, இங்க ஒரு சின்னப் பொண்ணு நின்னுக்கினு இருந்துச்சே, பாத்தியா?"

நிவேதா அவளை நிமிர்ந்து பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாகத் திறக்கவில்லை.

"பாத்தேன். அஞ்சு வருசமா இங்கியேதான் நின்னுக்கினு இருந்துச்சு" என்றாள்.